உதைத்தும் கிளம்பாத புல்லட், யெஸ்டி: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

வண்டி கிளம்பாத காலையில் எல்லோரும் முதலில் செய்வது, இன்னும் நாலு உதை உதைப்பது. பல நேரம் அந்த நாலு உதைதான் சின்னப் பழுதைப் பெரிதாக்குகிறது. பெட்ரோல் உள்ளே சேர்ந்து பிளக் நனைகிறது, சாவி போட்டபடியே இருப்பதால் பேட்டரி இறங்குகிறது, கால் ஓய்ந்த பிறகு அரைகுறையாக உதைத்து முட்டியில் அடி வாங்குகிறோம். பழைய வண்டி தன் நோயை மறைப்பதில்லை. கிக்கர் எப்படி இறங்குகிறது, பேட்டரி கரன்டைக் காட்டும் ஆம்பியர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது, பிளக் நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுங்கள்.

கீழே உள்ள அளவுகள் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-க்கு, அதாவது 346 சி.சி., பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனை) வைத்த வண்டிக்கு. ஜாவா, யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் பாயின்ட், கண்டென்சர் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம்; அதில் இருப்பது பாயின்ட் இல்லாத சி.டி.ஐ. என்ற மின்னணு அமைப்பு.

கையில் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பேனர், நல்ல பிளக் ஒன்று, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மெல்லிய உப்புத்தாள், இரண்டு ஒயர் கட்டிய ஒரு பல்பு (வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து). வேறு எதுவும் வேண்டாம்.

முதலில், உதைப்பது சரியா?

கிளம்பாத புல்லட்டுகளில் கணிசமானவை பழுதே இல்லாதவை. உதைக்கும் முறைதான் தப்பு. பெட்ரோல் காக்கைத் திறந்து, இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக் போட்டு, சாவியைத் திருப்புங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கெட்டியாக முட்டும். ஆம்பியர் மீட்டர் முள் அதுவரை டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்திருந்து, அங்கே நடுவுக்கு வந்துவிடும். இப்போது டீகம்ப்ரஸரை (வால்வை லேசாகத் திறந்து அழுத்தத்தை வெளியேவிடும் லீவர்) பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் மட்டும் நகர்த்துங்கள். டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு, கிக்கரை முழுக்க மேலே வரவிட்டு, உடம்பின் எடை இறங்குமாறு அடிவரை ஒரே வீச்சில் உதையுங்கள். ஆக்சிலேட்டரைத் திருக வேண்டாம். வேகமாக உதைப்பதைவிட அடிவரை உதைப்பதுதான் முக்கியம்.

யெஸ்டியில் கியர் லீவர்தான் கிக்கரும். உள்பக்கமாக அழுத்தி மேலே திருப்பி உதைக்க வேண்டும். கிளம்பியதும் அதைப் பழைய இடத்தில் முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு டீகம்ப்ரஸர் சடங்கெல்லாம் கிடையாது. துடிப்பாக இரண்டு உதை போதும்.

இதைச் சரியாகச் செய்தும் மூன்று நாலு உதையில் கிளம்பவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சாவியை அணையுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டே கிடந்தால் பொறிக்குக் கரன்ட் தரும் காயில் சூடேறும், பேட்டரியும் காலியாகும்.

கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது

டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி அழுத்துங்கள். இறங்கினால் அது வெறும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது), நல்ல செய்தி. அப்படியும் இறங்காவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள்.

பிளக் இல்லாமலும் கனமாக, சேற்றில் கால் விட்டதுபோல இறங்குகிறதா? வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த புல்லட் என்றால், ஆயில் டேங்கில் இருந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு உதையுங்கள். கிளம்பியதும் நீலப்புகை மண்டும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். இந்த நிலையில் ஆயில் குச்சியை மட்டும் நம்பாதீர்கள். டேங்கில் குறைவாகக் காட்டுகிறதே என்று மேலும் ஊற்றினால், இன்ஜின் ஓடி ஆயில் மேலே திரும்பும்போது அளவு மீறி பிரீதரில் (இன்ஜினின் காற்றுப்போக்கிக் குழாய்) கக்கும். சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிறகு அளவு பாருங்கள்.

அசையவே இல்லையா? மழைக்காலம் முழுக்கத் தாழ்வாரத்தில் கிடந்த வண்டியில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள், உள்ளே பல் உடையும். பிளக் துளையில் இன்ஜின் ஆயிலும் கொஞ்சம் டீசலும் கலந்து ஊற்றி, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். அசைய ஆரம்பித்தால் பொறுமையாகத் தொடரலாம். அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்ற வேண்டியதுதான்.

கிக்கர் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது

இங்கே மூன்று வேறு பழுதுகள் ஒரே மாதிரி தெரியும். பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிக்கர் சும்மா இறங்குகிறது, இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் கிளட்ச். புல்லட்டில் உதையின் வேகம் கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கிளட்ச் கேபிள் இறுக்கமாக இருந்தால் பிளேட்டுகள் முழுதாகச் சேராது. கைப்பிடியில் சில மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கிறதா பாருங்கள். இருந்தும் வழுக்கினால், கிளட்ச் இருக்கும் செயின் கேஸில் யாராவது கார் ஆயில் ஊற்றினார்களா என்று விசாரியுங்கள்.

கடகடவென்று சத்தம் போட்டுத் தாண்டித் தாண்டி இறங்கினால் கிக்கரின் கொக்கியும் (pawl) ராட்செட் பல்லும் தேய்ந்துவிட்டன. அதற்கு மேல் உதைப்பது மீதிப் பல்லையும் தின்றுவிடும். தள்ளிக் கிளப்பி நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

இன்ஜின் சுற்றுகிறது, எதிர்ப்பு மட்டும் இல்லை என்றால் கம்ப்ரஷன் போய்விட்டது. பயப்படுவதற்கு முன் டீகம்ப்ரஸர் கேபிளைப் பாருங்கள். ஹேண்டில் பார் மாற்றிய வண்டிகளில் அது இழுபட்டு, வால்வை லேசாகத் திறந்தபடியே வைத்திருக்கும். அது சரி என்றால் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. குளிர்ந்த இன்ஜினில், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே இருக்கும்போது, புஷ் ராடுகள் விரலால் தாராளமாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சுற்றவில்லை என்றால் வால்வு முழுதாக உட்காரவில்லை. இதுவும் சரி என்றால் காதைக் கொடுங்கள். மெதுவாக உதைக்கும்போது சைலன்சரில் புஸ்ஸென்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, பிரீதரில் கேட்டால் ரிங். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் திரும்பினால் ரிங்தான் என்பது உறுதி.

கிக்கர் திருப்பி அடிக்கிறது

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். கணுக்காலும் முட்டியும் போவது இதில்தான். செருப்புக் காலோடு புல்லட்டை உதைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முட்டியை நேராக விறைத்து வைக்காமல் லேசாக மடக்கியே உதையுங்கள்.

காரணம் பெரும்பாலும் டைமிங் (பொறி விழும் நேரம்) முந்திப் போயிருப்பது. புல்லட் 350-இல், அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடும்போது விரிந்து பொறியை முந்த வைப்பவை) முழுக்க மூடிய நிலையில், மேலேறும் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயின்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். டைமிங் பார்ப்பதற்கு முன் பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டுத் திரும்பத் திரும்ப டைமிங்கைத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திறக்கும் நொடியைக் கண்ணால் பார்க்க முடியாது. பாயின்டுக்கு நடுவில் மெல்லிய காகிதத்தைக் கவ்வவிட்டு லேசாக இழுத்தபடி இன்ஜினைத் திருப்புங்கள். காகிதம் விடுபடும் இடம்தான் அது.

டைமிங் சரியாக இருந்தும் அடிக்கிறது என்றால் பாயின்ட் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் அட்வான்ஸ் எடைகளைப் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தோ, துருவில் சிக்கியோ, திறந்த நிலையிலேயே நின்றிருக்கும். சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விட்டால் பல நேரம் சரியாகிவிடும்.

கரன்ட் வரவில்லை

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உடம்பை இன்ஜின் ஹெட்டில் அழுத்தி வைத்து உதையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறி பளிச்சென்று நீலமாக வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோகையாக வந்தால், வெளியில் காற்றில் தெரியும் அந்தப் பொறி உள்ளே கம்ப்ரஷனில் அணைந்துவிடும். முதலில் வேறு பிளக் போட்டுப் பாருங்கள், இடைவெளி 0.5 மி.மீ. அளவில்.

அப்படியும் இல்லையென்றால் ஆம்பியர் மீட்டர். லைட் எல்லாம் அணைத்துவிட்டு, சாவி போட்டு, கிக்கரை மெதுவாக முழுச் சுற்று நகர்த்துங்கள்.

முள் டிஸ்சார்ஜுக்கும் நடுவுக்கும் மாறி மாறிப் போனால் பாயின்ட் வரைக்கும் எல்லாம் நலம். பழுது காயில், பிளக் ஒயர், பிளக் கேப், இல்லை கண்டென்சரில்.

முள் நடுவிலேயே நின்றால் கரன்ட் ஓடவில்லை. ஹாரன் அடித்துப் பாருங்கள். ஹாரனும் செத்திருந்தால் ஃபியூஸ், பேட்டரி முனை, சாவி சுவிட்ச். ஹாரன் அலறினால் பாயின்டில் ஆயிலோ கரியோ படிந்திருக்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள்.

முள் டிஸ்சார்ஜிலேயே ஒட்டிக்கொண்டால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது ஒயர் எங்கோ உடம்பில் பட்டு எர்த் ஆகிறது, அல்லது கண்டென்சர் உள்ளே ஷார்ட்.

கஸ்டம் செய்யும்போது அழகு கெடுகிறது என்று ஆம்பியர் மீட்டரை முதலில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அது போய்விட்டிருந்தால், பாயின்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் அந்தப் பல்பை வையுங்கள். பாயின்ட் மூடும்போது அணைந்து, திறக்கும்போது எரிய வேண்டும். எப்போதும் எரிந்தால் பாயின்ட் சேரவில்லை. எரியவே இல்லையென்றால் கரன்டே வரவில்லை, அல்லது எங்கோ ஷார்ட்.

கண்டென்சர் பற்றி ஒன்று. மைசூர் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடிவிட்டது, பழைய புல்லட்டின் இன்ஜினும் இப்போது வருவதில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் யார் செய்தது என்றே தெரியாத பாகங்கள். புது கண்டென்சர் என்பதால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஓடும் இன்ஜினில் பாயின்ட் நடுவே பெரிதாக, வெள்ளையாகப் பொறி பறந்தால் அது போய்விட்டது.

கரன்ட் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை

உதைத்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. காக்கை மூடி, சோக்கை எடுத்து, சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி, டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி ஏழெட்டு முறை உதையுங்கள். காய்ந்த பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் கிளப்புங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கிராங்க் கேஸில் தேங்குவதால் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். நிறுத்தி வைக்கும்போதே கார்புரேட்டர் ஒழுகினால், பெட்ரோலை நிறுத்தும் ஊசியான ஃப்ளோட் நீடிலில் தூசு. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் காக்கை மூடுங்கள். கிராங்க் கேஸில் பெட்ரோல் கலந்தால் ஆயில் தண்ணீராகிவிடும்.

காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. குழாயைக் கழற்றி பாட்டிலில் பிடியுங்கள். தாராளமாக வராவிட்டால் காக் சல்லடை. வந்து, பிறகு சொட்டாகிவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. குழாய் வரை நன்றாக வந்தால் கார்புரேட்டருக்குள் பைலட் ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை) அடைத்திருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் சீல்களை ஊத வைக்கும், ஓடாத வண்டியின் ஜெட்டில் பிசினாகப் படியும். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும்.

கஸ்டம் செய்த பிறகுதான் இப்படி

இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். ஆம்பூர்த் தோலில் சீட் தைத்து, பின் மட்கார்டு வெட்டி, வேலூர்க் கோட்டை முன்னால் நிறுத்திப் படம் எடுக்கும்வரை வண்டி அழகாக இருக்கும். மறுவாரம் மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் விட்டு விட்டு ஓடும்.

முதல் சந்தேகம் எர்த். பவுடர் கோட்டிங் கரன்டைக் கடத்தாது. பேட்டரி எர்த், காயில் எர்த், இன்ஜின் எர்த் மூன்றிலும் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியவைத்து இறுக்குங்கள். பேட்டரி முனையிலிருந்து இன்ஜினுக்கு நேராக ஒரு தடித்த ஒயர் போட்டுவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு சின்ன கோன் ஃபில்டர், குட்டி சைலன்சர் மாட்டினால் காற்று அதிகமாகப் போகும், கலவை மெலியும். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும், பிளக் வெள்ளையாக வெளுப்பதும் அதன் அடையாளம். எத்தனால் பெட்ரோல் அதை இன்னும் மெலிதாக்குகிறது. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். நடு வேகத்தில் இடறினால் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டி, பிளக்கைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் தானாக உறுமுகிறதா? உயரமான ஹேண்டிலுக்குப் பழைய கேபிளையே போட்டிருக்கிறார்கள். ஆபத்தான பழுது, உடனே நீள கேபிள் வாங்குங்கள். ஒருவர் உட்கார்ந்தால் மட்டும் வண்டி அணைகிறதா? சீட்டின் அடித்தகடு பேட்டரி முனையைத் தொடுகிறது. பெட்ரோல் குறைந்தால் வேகத்தில் இடறுகிறதா? டேங்க் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, காக்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே போதிய உயரம் இல்லை. காயிலை இன்ஜினுக்கு ஒட்டி ஒளித்து வைத்திருந்தால் அதற்கான விலை அடுத்த பகுதியில் இருக்கிறது.

இன்ஜின் மாற்றினாலும் வண்டியின் அமைப்பை மாற்றினாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பொருந்தும். வட ஆற்காடு என்று அச்சான பழைய ஆர்.சி.யைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள், வெட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்ந்தால் கிளம்புகிறது, சூட்டில் கிளம்பாது

நம் வேலூர் வெயிலுக்கே உரிய பழுது இது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது, காட்பாடி மேம்பால நெரிசலில் ஊர்ந்துவிட்டு டீக்கடையில் நிறுத்தினால், திரும்பக் கிளம்பாது. சூட்டில் கரன்ட் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கரன்ட் சோகையாக இருந்தால் கண்டென்சர், அடுத்து காயில். ஈரத்துணியைக் காயில் மேல் போட்டு ஆறவைத்ததும் கிளம்பினால் காயில்தான். கரன்ட் நன்றாக இருந்தால் பிளக்கைப் பாருங்கள், பெரும்பாலும் நனைந்திருக்கும். சூடான இன்ஜினுக்கு சோக் போடாதீர்கள். கம்ப்ரஷன் சூட்டில் மட்டும் குறைந்தால் டேப்பெட் இறுக்கம்.

ஓடும்போது

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி அணைந்து, சற்று நின்றால் மறுபடி ஓடுவது அநேகமாக டேங்க் மூடியின் காற்றுத் துளை. குண்டு குழியில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் ஒயர் தளர்வு. யெஸ்டி ஏலகிரியின் 14 வளைவுகளில் மூச்சு வாங்கினால் சைலன்சர் உள்குழாயைக் கழற்றிக் கரியை எரித்துச் சுத்தம் செய்யுங்கள். புகை திடீரென்று வெள்ளையாக அடர்ந்து, பிரைமரி (கிளட்ச்) பக்க ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் அந்தப் பக்கக் கிராங்க் சீல் போய்விட்டது.

நியூட்ரல் விழவில்லை என்று புல்லட்டில் தவிப்பவர்கள் குதிகாலுக்குக் கிடைக்கும் நியூட்ரல் ஃபைண்டரைப் பயன்படுத்துங்கள். கிளட்சைப் பிடித்து அழுத்தினால் முதல் கியர் தவிர எந்தக் கியரிலிருந்தும் நியூட்ரல் விழும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற அமைப்புக்குப் புதியவர்கள் முதல் வாரம் ஆற்காடு ரோடு போன்ற கூட்டத்தைத் தவிருங்கள். அவசரத்தில் கால் தானாக வலது பக்கம்தான் போகும்.

பெட்ரோலிலேயே ஆயில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு மலை இறக்கம்தான் பெரிய சோதனை. ஏலகிரியிலிருந்தோ ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கமோ இறங்கும்போது, ஆக்சிலேட்டரை மூடி இன்ஜின் பிரேக்கில் வந்தால், இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பெட்ரோல் போகாததால் ஆயிலும் போவதில்லை. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகிவிடுங்கள். ஆயில் அளவில் சிக்கனம் வேண்டாம், உங்கள் மாடலுக்குரிய கையேடு சொல்வதையே ஊற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் ஆம்பூர் தாண்டி முறுக்கி வரும்போது யெஸ்டியின் சத்தம் திடீரென்று வறண்டு, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வேகம் குறைந்தால், பிஸ்டன் பிடிக்கப்போகிறது. அந்த நொடியே கிளட்சைப் பிடியுங்கள்; பிடிக்காவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓரமாக உருட்டி நிறுத்தி, தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறவிடுங்கள். அரை மணி கழித்துக் கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால், கலவையில் கொஞ்சம் கூடுதல் ஆயில் ஊற்றி, மெதுவாக வீடு வந்து சேர்ந்து, சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். உரசிக்கொண்டு சுற்றினால் கிளப்பவே வேண்டாம், ஒரு குட்டி யானை பிடித்து ஏற்றிக்கொண்டு வாருங்கள்.